சக்கரங்களின் மேல் சிங்காசனம்: கேபார் நதியண்டையில் எசேக்கியேல் கண்டதும் தேவனுடைய ஆளுகையும்

கேள்வி
ஞாயிறு பாடசாலை ஆசிரியை, கொட்டகலை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். எங்கள் சபையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இம்மாதம் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தைக் கற்பிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. பாடக் குறிப்பில் "இத்தரிசனம் தேவனுடைய சர்வ ஆளுகையை வெளிப்படுத்துகிறது" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால், அதை நம்புகிற எனக்கே அதைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாரத்தை வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். ஒரு மண்சரிவில் தன் சித்தியின் குடும்பத்தை இழந்தவள் அவள். "டீச்சர், சிங்காசனத்துக்குச் சக்கரங்கள் இருக்கின்றன, அது நினைத்த இடத்துக்கெல்லாம் போகும் என்று சொன்னீர்கள். மண் இறங்கிய அன்றைக்கு அது எங்கள் பக்கம் ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். கோபத்தோடு கேட்கவில்லை; உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த பையன், சக்கரங்களின் வட்டங்கள் சுற்றிலும் கண்களால் நிறைந்திருந்தன என்ற பதினெட்டாம் வசனத்தைக் காட்டி, "கங்காணி மேட்டில் நின்று பார்ப்பதுபோலவா, டீச்சர்?" என்றான். நான் இருவருக்கும் பதில் சொல்லாமல் ஜெபித்து வகுப்பை முடித்துவிட்டேன். அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

எங்கள் சபைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, "எல்லாம் அவருடைய சித்தம் என்று சொல்லிக்கொடுங்கள், அதற்குமேல் நாம் பேசக்கூடாது" என்றார். அந்தச் சொல்லில் விசுவாசம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை மூடிய செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. எசேக்கியேலோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன அந்த மக்கள் இத்தரிசனத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள், தேவன் ஆளுகிறார் என்பதற்கு அவர்களிடத்தில் என்ன பொருள் இருந்தது, அந்தப் பிள்ளையிடம் பொய் கலக்காமல் நான் எதைச் சொல்லலாம் என்பவற்றைத் தயவுசெய்து எழுதுங்கள்.


பதில் 1
தோட்டச் சபைப் போதகர், ஹட்டன்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நீங்கள் பதில் சொல்லாமல் ஜெபித்து முடித்ததைக் குற்றமாக எண்ணவேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை எழுதுகிறேன். முதலில் அந்தத் தரிசனம் யாருக்கு, எங்கே, எப்போது வந்தது என்பதைப் பார்ப்போம். நம்மில் பலர் சக்கரத்துக்குள் சக்கரத்தை விளக்க அவசரப்பட்டு முதல் மூன்று வசனங்களைத் தாண்டிவிடுகிறோம். எனக்கோ இந்த அதிகாரத்தின் பாதிப் பொருள் அந்த மூன்று வசனங்களிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யோயாக்கீன் ராஜாவையும் அதிகாரிகளையும் போர்வீரரையும் தச்சரையும் கொல்லரையும் நாடு கடத்தினான். ஆலயம் இன்னும் இடிக்கப்படவில்லை, அது கி.மு. 586இல்தான் நடந்தது. இடையில், சிறையிருப்பின் ஐந்தாம் வருஷத்தில், அதாவது கி.மு. 593இல், பூசி என்னும் ஆசாரியனின் குமாரன் எசேக்கியேல் இத்தரிசனத்தைக் கண்டார். "முப்பதாம் வருஷம்" என்று அதிகாரம் தொடங்குகிறதே, அது அவருடைய வயதைக் குறிக்கிறது என்று பல விளக்கவுரையாளர்கள் கருதுகிறார்கள். எண்ணாகமம் 4ஆம் அதிகாரம் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு முப்பது வயதைச் சொல்லுகிறது. அப்படியானால், ஊரில் இருந்திருந்தால் ஆலயத்தில் பணியேற்றிருக்கவேண்டிய அதே வருஷத்தில், ஆலயம் இல்லாத ஒரு சமவெளியில், ஒரு வாய்க்கால் கரையில் அந்த ஆசாரியன் நிற்கிறார்.

கேபார் நதி என்பது இயற்கையான ஆறு அன்று. நிப்பூர் நகரத்துப் பக்கம் வெட்டப்பட்ட நீர்ப்பாசனக் கால்வாய் என்று அங்கே கிடைத்த களிமண் பலகைகளைக் கொண்டு அறிஞர்கள் சொல்லுகிறார்கள். நாடு கடத்தப்பட்ட யூதர்களில் பலரைப் பாபிலோனிய அரசு இப்படிப்பட்ட கால்வாய்ப் பகுதிகளிலே குடியேற்றி, நிலத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாக வரியும் உழைப்பும் வாங்கியது. வேலைக்கு ஆள் வேண்டிய இடத்தில் மக்களைக் கொண்டுபோய் இருத்துகிற இந்த ஏற்பாட்டை மலையகத்தில் இருக்கிற நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. காப்பித் தோட்டங்களுக்காகத் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அக்காலத்து மக்களின் எண்ணத்தில் ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு தெய்வம் உண்டு. அந்த மண்ணைவிட்டுப் போனவன் அந்தத் தெய்வத்தின் எல்லையைவிட்டும் போய்விடுகிறான். சீரியனாகிய நாகமான் குணமடைந்தபின், இஸ்ரவேலின் தேவனைத் தன் ஊரிலே தொழுவதற்காக இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க மண்ணைக் கேட்டான் என்று இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஊர்க்கோவிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து இருக்கிற இடத்தில் கோவில் எழுப்புகிற வழக்கத்தை அறிந்த நம்மவர்களுக்கு நாகமானின் மனம் நன்றாகவே விளங்கும். கேபார் கரையில் இருந்தவர்களோ அந்தப் பிடிமண்கூட இல்லாதவர்கள். "கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?" என்ற 137ஆம் சங்கீதத்தின் கேள்வி வெறும் ஊர் ஏக்கமன்று, அவர் காது கேட்கிற தூரத்தில் நாம் இருக்கிறோமா என்ற பயமும் அதில் உண்டு.

அந்தப் பயத்துக்கு எதிராகத்தான் மூன்றாம் வசனம் "அங்கே கர்த்தருடைய கரம் அவன்மேல் அமர்ந்தது" என்கிறது. "அங்கே" என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். கல்தேயர் தேசத்திலே, பகைவனின் கால்வாய்க் கரையிலே என்பதுதான் அதன் பொருள். இந்தப் புத்தகத்தின் கடைசி வசனத்தில் புதிய நகரத்துக்கு யேகோவா ஷம்மா என்று பெயரிடப்படுகிறது. கர்த்தர் அங்கே இருக்கிறார் என்பது அதன் பொருள். நாற்பத்தெட்டு அதிகாரங்களும் ஒரு "அங்கே"யில் தொடங்கி இன்னொரு "அங்கே"யில் முடிகின்றன.

தரிசனம் வருகிற திசையையும் கவனியுங்கள். புயற்காற்றும் பெரிய மேகமும் அக்கினியும் வடக்கேயிருந்து வருகின்றன. பாபிலோனின் சேனை எருசலேமுக்கு வந்து இறங்கியது வடக்குப் பாதையிலேதான். வடக்கேயிருந்து தீங்கு வரும் என்று எரேமியாவும் சொல்லியிருந்தார். பயம் எந்தத் திசையிலிருந்து வந்து பழகியதோ அதே திசையிலிருந்து தேவனுடைய மகிமையும் வருகிறது. பாபிலோனின் பாதை அவருக்கு அடைக்கப்பட்ட பாதையன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

பிறகு தீர்க்கதரிசியின் பார்வை கீழிருந்து மேலே ஏறுகிறது. மனுஷமுகமும் சிங்கமுகமும் எருதுமுகமும் கழுகுமுகமும் உள்ள நான்கு ஜீவன்கள், அவற்றின் அருகே பூமியைத் தொட்டு நிற்கும் சக்கரங்கள், தலைகளுக்கு மேலே படிகம்போன்ற மண்டலம், அதற்கும் மேலே நீலரத்தினம்போன்ற சிங்காசனம், அதன்மேல் மனுஷசாயலுக்கு ஒத்த ஒரு சாயல். சாயல், சாயல் என்று அவர் எத்தனை தடவை சொல்லுகிறார் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கண்டதை முழுவதும் சொல்லிவிட்டதாக அவர் உரிமை கோரவில்லை. ஆகிலும் ஒன்று ஐயமின்றித் தெரிகிறது: எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற அந்தச் சிங்காசனமே சக்கரங்கள் பூமியைத் தொடும் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது.

நம் வேதப்புத்தகத்தின் பழைய தமிழில் அதிகாரங்களைக் குறிக்கத் "துரைத்தனங்கள்" என்ற சொல் வருகிறது. கொலோசெயர் முதலாம் அதிகாரத்தில் சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள், துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்று அடுக்கி, அனைத்தும் கிறிஸ்துவுக்குள்ளும் அவருக்கென்றும் சிருஷ்டிக்கப்பட்டன என்று சொல்லுகிறார் பவுல். தோட்டத்தில் வளர்ந்தவன் காதில் அந்தச் சொல் விழும்போது உடனே பெரிய துரையும் மேட்டுப் பங்களாவும்தான் கண்முன் வருகின்றன. நான் சிறுவனாக இருந்தபோது தேவனையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்: மேட்டில் பங்களா, கீழே லயம், அவர் அங்கிருந்து கட்டளையிடுவார், நாம் இங்கிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போவோம். எசேக்கியேலின் முதலாம் அதிகாரம்தான் அந்தப் படத்தை என் மனதிலிருந்து அழித்தது. இந்தச் சிங்காசனம் பங்களாவில் இருந்துகொண்டு ஆள் அனுப்பவில்லை; வாய்க்கால் கரைக்குத் தானே வந்தது.

உங்கள் மௌனத்தைப் பற்றி: மூன்றாம் அதிகாரம் 15ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய தரிசனத்தைக் கண்டு, தூது சொல்ல அனுப்பப்பட்டவர், தெலாபீபில் இருந்த சிறைப்பட்டவர்களிடத்துக்கு வந்து, ஏழு நாள் அவர்கள் நடுவிலே பிரமித்தவராய்த் தங்கினார். ஏழாம் நாள் முடிந்த பிறகே கர்த்தருடைய வார்த்தை அவருக்கு மீண்டும் உண்டாயிற்று.


பதில் 2
ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

போதகர் ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பிடிமண்ணையும் நாகமானின் மண்ணையும் சேர்த்துக் காட்டியது என் மனதைத் தொட்டது. ஆயினும் ஒரு முக்கியமான விடயம் அதில் குறைவுபடுகிறது என்று எண்ணுகிறேன். மரியாதையோடு அதை எழுதுகிறேன்.

சிங்காசனம் நம்மிடம் வருகிறது என்ற ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால், தேவனுடைய ஆளுகை என்பது நமக்குத் துணை என்பதாகச் சுருங்கிவிடும். எசேக்கியேல் அந்தத் தரிசனத்தைக் கண்டு ஆறுதலடைந்ததாக எழுதவில்லை. முகங்குப்புற விழுந்ததாக எழுதுகிறார். சக்கரங்களின் வட்டங்கள் பயங்கரப்படத்தக்க உயரமாயிருந்தன என்கிறார். யூத மக்கள் இந்த அதிகாரத்தை எவ்வளவு பயபக்தியோடு கையாண்டார்கள் என்பதற்கு யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவே சாட்சி: இரதத்தைப் பற்றிய இப்பகுதியைத் தானாக விளங்கிக்கொள்ளத்தக்க ஞானியாக இருந்தாலன்றி ஒருவனுக்குக்கூட விளக்கிச் சொல்லக்கூடாது என்று அதில் விதி இருக்கிறது. முப்பது வயதுக்கு முன் எசேக்கியேலின் தொடக்கத்தையும் முடிவையும் வாசிக்கக்கூடாது என்ற யூத வழக்கத்தை நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை அறிஞர் எரோணிமுசும் குறிப்பிடுகிறார். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பயத்தைக் கழித்துவிட்டுக் கற்பிக்கவேண்டாம் என்றே சொல்லுகிறேன்.

அதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. சக்கரங்கள் வருவதற்கு மட்டுமல்ல, போவதற்கும்தான். எட்டாம் அதிகாரம் முதல் பதினோராம் அதிகாரம் வரை, அதாவது முதல் தரிசனத்துக்கு ஓராண்டுக்குச் சற்று மேலே, அதே மகிமை எருசலேமின் ஆலயத்தைவிட்டுப் புறப்படுவதை எசேக்கியேல் காண்கிறார். அது ஒரே மூச்சில் போய்விடவில்லை. முதலில் சிறகுள்ள ஜீவனாகிய கேருபீனைவிட்டு எழும்பி வாசற்படியில் நிற்கிறது. பின்பு கிழக்கு வாசலண்டையில் நிற்கிறது. பின்பு நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற மலையின்மேல் போய் நிற்கிறது. பிரிய மனமில்லாதவர் வீட்டு வாசலில் ஒருமுறை, படலையில் ஒருமுறை, சந்தியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பதுபோல அது எனக்குத் தோன்றும். இந்த ஒப்பீடு என்னுடையது, வேதத்தில் அப்படிச் சொல்லப்படவில்லை. ஆனாலும் போய்விட்டது என்பதில் ஐயமில்லை. ஆலயம் எங்களுடையது, ஆகவே அவரும் எங்களுடையவர் என்று சொல்லிக்கொண்டிருந்த நகரத்தைவிட்டு அவர் போனார். ஆளுகை என்றால், யாருக்கும் கட்டுப்படாமை என்ற பொருளும் அதில் உண்டு. எருசலேமுக்குக் கட்டுப்படாதவர் மலையகத்துக்கும் கட்டுப்படமாட்டார்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "ஏன் வரவில்லை" என்பதற்கு நாம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால், நாம் அந்தச் சிங்காசனத்தில் ஏறி அமர்ந்து பேசுகிறோம் என்றே அஞ்சுகிறேன். உங்கள் சபைப் பெரியவர் "அதற்குமேல் பேசக்கூடாது" என்றதை இந்த அச்சத்தின் பேச்சாக ஏற்றுக்கொள்ளுங்கள், சகோதரி.


பதில் 3
இறையியல் மாணவர், பிலிமத்தலாவை

போதகர் ஐயாவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் என் வணக்கம். இருவர் சொன்னதிலும் நான் கற்றுக்கொண்டேன். இருவரையும் சற்று மறுத்தும் எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபார் கரையையும் நம் லயங்களையும் இணைத்துப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எசேக்கியேலின் புத்தகம் சிறையிருப்பை இஸ்ரவேலின் பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பாகவே சொல்லுகிறது. அந்த இணைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால், நம் முன்னோர் பஞ்சத்தாலும் கடனாலும் கங்காணிகளின் ஆசைவார்த்தைகளாலும் இங்கே கொண்டுவரப்பட்டது தேவ தண்டனை என்றாகிவிடும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியதும், 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் ஏறத்தாழ 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டதும்கூட அவருடைய தீர்ப்பு என்று யாராவது பிரசங்கித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பிரசங்கத்தை நான் கேட்டும் இருக்கிறேன். மனிதர் கையெழுத்திட்டுச் செய்த அநியாயத்தைச் சிங்காசனத்தின் கணக்கில் எழுதுவது ஆளுகையை மதிப்பதாகாது.

நமக்குப் பொருந்துவது வேறோர் இடம் என்று நினைக்கிறேன். பதினோராம் அதிகாரம் 15ஆம் வசனத்தில், எருசலேமில் மிஞ்சியிருந்தவர்கள் நாடு கடத்தப்பட்ட தங்கள் சகோதரரைக் குறித்து, நீங்கள் கர்த்தரைவிட்டுத் தூரமாய்ப் போங்கள், இந்தத் தேசம் எங்களுக்கே சுதந்தரமாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லுகிறார்கள். நிலம் எங்களுக்கு, ஆகையால் தேவனும் எங்களுக்கு என்கிற பேச்சு அது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கும் காத்திருக்கிற ஒரு சமூகம் அந்தப் பேச்சை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குக் கர்த்தர் கொடுக்கிற மறுமொழி அடுத்த வசனத்தில் இருக்கிறது: நான் அவர்களைத் தேசங்களிலே சிதறடித்திருந்தாலும், அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "கொஞ்சகாலத்துக்கு" என்று அங்கே சேர்க்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் காலத்தையும் குறிக்கலாம், அளவையும் குறிக்கலாம். ஆகையால் "சிறிய பரிசுத்த ஸ்தலம்" என்றும் அதை மொழிபெயர்க்கிறார்கள். தோட்டத்து முனையில் தகரக்கூரை போட்ட நம்முடைய சின்ன ஆராதனைக் கூடங்களை நினைத்துக்கொண்டு அந்த இரண்டாவது பொருளை வாசித்துப் பாருங்கள். ஆலயத்தைவிட்டு மகிமை புறப்படுகிற அதே பகுதியில்தான் இந்த வாக்கும் இருக்கிறது என்பதை ஆசிரியர் ஐயா சொன்னதோடு சேர்த்து வைக்கவேண்டும். அவர் எருசலேமைவிட்டுப் போனது உண்மை. யாரை நோக்கிப் போனார் என்பதையும் நாம் சொல்லவேண்டும்.

மண்சரிவைக் குறித்து: "அவருடைய சித்தம், அதற்குமேல் பேசக்கூடாது" என்பதை எசேக்கியேலே ஏற்கமாட்டார் என்று துணிந்து சொல்லுகிறேன். சிங்காசனத்தைக் கண்ட அதே மனிதருக்கு, தெலாபீபில் மௌனமாய் இருந்த ஏழு நாளும் முடிந்தவுடன் வந்த முதல் வார்த்தை, "உன்னை இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைத்தேன்" என்பதுதான். ஆபத்து வருவதைக் கண்ட காவற்காரன் எக்காளம் ஊதாமல் இருந்து, ஜனங்கள் எச்சரிக்கப்படாமல் மாண்டால், அந்த இரத்தப்பழியைக் காவற்காரன் கையிலே கேட்பேன் என்று முப்பத்துமூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லுகிறார். மீரியபெத்தையில் அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எசேக்கியேலின் தேவன் அந்த இடத்தில் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, காவற்காரர்கள் எங்கே என்பதுதான். அவர் ஆளுகிறார் என்பதனால் மனிதரின் பொறுப்பு குறைவதில்லை. ஆளுகிற ஒருவர் இருப்பதனால்தான் கணக்குக் கேட்கவும் ஒருவர் இருக்கிறார்.

பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று பதினெட்டாம் அதிகாரம் தடுக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அல்லவென்று தாமே சொன்னார். உங்கள் மாணவியின் சித்தி குடும்பம் எந்தக் குற்றத்துக்காகவும் மண்ணில் புதையவில்லை என்பதை, சகோதரி, நீங்கள் எந்த ஐயமும் இல்லாமல் அவளிடம் சொல்லலாம். அதைச் சொல்லுவதற்கு நமக்கு வேத ஆதாரம் இருக்கிறது. அதற்கப்பால் "ஏன்" என்பதற்கு ஆசிரியர் ஐயாவைப்போல என்னிடமும் விடை இல்லை.


பதில் 4
வாசகி, அப்புத்தளை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். அந்தப் பையன் கேட்ட கண்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அம்மா முப்பத்தெட்டு வருடங்கள் கொழுந்து எடுத்தார். மலையில் அவரை எத்தனையோ கண்கள் பார்த்தன. கொழுந்தில் முற்றல் இலை கலந்திருக்கிறதா, கூடை நிறைந்ததா, நேரத்துக்கு நிரைக்கு வந்தாரா என்று பார்த்தன. ஒரு மழை நாளில் அவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அந்தக் கண்கள் எல்லாம் இருந்தும் அவரை ஒருவரும் காணவில்லை. பக்கத்து நிரைப் பெண்கள்தான் கொழுந்து எடை போடும் நேரத்தில் அவர் வராததைக் கண்டு தேடிப்போனார்கள். கணக்குக்காகப் பார்ப்பதும் ஆளைக் காண்பதும் இரண்டு வேறு செயல்கள் என்று அம்மா அதன்பிறகு அடிக்கடி சொல்லுவார்.

தொடக்கநூலில், எசமானியின் கொடுமைக்குத் தப்பி ஓடிய அடிமைப்பெண் ஆகார் பாலைநிலத்து நீரூற்றருகில் இறைவனுக்கு ஒரு பெயரே வைக்கிறாள்: என்னைக் காண்கின்ற இறைவன். சக்கரங்களில் நிறைந்திருந்த கண்களை நான் அந்தப் பெயரோடு சேர்த்தே வாசிக்கிறேன். சிங்காசனம் எந்தப் பக்கம் போனாலும் அது குருட்டுத்தனமாக உருண்டு யாரையும் நசுக்குவதில்லை. போகிற இடத்தில் யார் கிடக்கிறார்கள் என்று சக்கரத்துக்கே தெரியும். அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், டீச்சர். மேட்டில் நிற்கும் கண்கள் வேறு, மண்ணைத் தொட்டு ஓடும் சக்கரத்தில் இருக்கும் கண்கள் வேறு.


பதில் 5
ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

தம்பி எழுதிய காவற்காரனின் வசனத்தை நான் மறந்துவிட்டே எழுதினேன். மனிதரின் குற்றத்தைச் சித்தம் என்ற சொல்லால் மூடுவதற்கு என் வார்த்தைகள் பயன்படுமானால் அவற்றை மீளப் பெற்றுக்கொள்கிறேன். பயபக்தியைப் பற்றிச் சொன்னதை மட்டும் விடமாட்டேன். கணக்குக் கேட்கிறவர் பயங்கரமானவராக இல்லாவிட்டால் அந்தக் கணக்குக்கும் மதிப்பில்லை என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன். அப்புத்தளைச் சகோதரிக்கு என் நன்றி. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கண்களைத் தீர்ப்பின் கண்களாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறேன்.


கேள்வி கேட்டவர்
ஞாயிறு பாடசாலை ஆசிரியை, கொட்டகலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றைய வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் இதை எழுதுகிறேன்.

முதலாம் அதிகாரத்தை மறுபடியும் எடுக்காமல், மூன்றாம் அதிகாரம் 15ஆம் வசனத்திலிருந்து தொடங்கினேன். சென்ற வாரம் நான் மௌனமாக இருந்தது விடை தெரியாததனால்தான் என்பதையும், அதற்காக அந்தப் பிள்ளையிடம் வருந்துகிறேன் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு சீலோவாம் கோபுரத்தைப் பற்றிய பகுதியை அவளையே வாசிக்கச் சொன்னேன். "அப்படியல்ல" என்று இயேசு சொல்லுகிற இடத்தில் அவள் நிறுத்தி, அதை இன்னொரு முறை வாசித்தாள். அவளுடைய பாட்டி, குலதெய்வத்தை விட்டு வேதத்துக்கு மாறியதால்தான் இது நடந்தது என்று அக்கம்பக்கத்தார் பேசியதை இன்றைக்கு வரை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாராம். வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்கு இதை வாசித்துக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

காவற்காரனின் வசனத்தைப் படித்தபோது வகுப்பு வேறு பக்கம் போய்விட்டது. மழை தொடங்கினால் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்பு விழுகிறதா, ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று பையன்கள் தங்களுக்குள் வாதிடத் தொடங்கினார்கள். பாடத்தைவிட்டு விலகுகிறார்களே என்று முதலில் நினைத்தேன், பிறகு தடுக்கவில்லை. கண்களைப் பற்றிக் கேட்ட பையனிடம் அப்புத்தளை அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், சக்கரத்தைப் படமாக வரையச் சொன்னபோது, மற்றவர்களெல்லாம் கண்களை வட்டத்தின் மேல் விளிம்பில் வரைந்திருக்க, அவன் மட்டும் தரையைத் தொடுகிற இடத்தில் நெருக்கமாக வரைந்திருந்தான்.

அந்தப் பிள்ளை போகும்போது, "ஏன் வரவில்லை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, டீச்சர்" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தாம் அதிகாரத்தை எடுப்பதாக இருக்கிறேன். மகிமை வாசற்படியில் நின்ற பகுதியை அவளே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.